ரிட்டன் பாஸ், கால் ஃபெயில்: போலீஸ் பிசிக்கலும் என் கணைக்கால் வலியும்

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ரிட்டன், அதாவது எழுத்துத் தேர்வு முடிவு வந்த அன்றைக்குச் சாயங்காலமே, அடுத்து வரும் பிசிக்கல் என்கிற உடல்தகுதித் தேர்வு ஓட்டத்துக்காக ஷூ வாங்கிவிட்டேன். அதுவரை என் ஓட்டமெல்லாம் காட்பாடி பஸ்ஸைத் துரத்திப் பிடித்ததோடு சரி. மறுநாள் காலை நாலரைக்கு சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர், அதற்கு மறுநாளும் ஐந்து, அடுத்த வாரம் எட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குப் பதிலாகப் பாலாற்று மணலில் ஓட்டம். மணலில் ஓடினால் கால் இரும்பாகும் என்று எங்கள் பக்கம் மிலிட்டரிக்குப் போன அண்ணன்கள் எல்லோரும் சொல்வார்கள். தண்ணி இல்லாத ஆறு என்று ஊரே கேலி பேசும் ஆறு எங்களுக்கு ஓசி கிரவுண்டு.

மூன்றாவது வாரம் வலது கணைக்காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வலிக்க ஆரம்பித்தது. முதலில் ஓடத் தொடங்கும்போது மட்டும் இருக்கும், உடம்பு சூடானதும் போய்விடும், அதனால் நான் அதை மதிக்கவே இல்லை. அப்புறம் ஓடி முடித்த பிறகும் நின்றது. அப்புறம் மாடிப்படி இறங்கும்போது. ஆயா பார்த்துவிட்டு, “இன்னாத்துக்குடா இப்படி நொண்டுற, புத்தூருக்குப் போய் ஒரு கட்டு போட்டுக்கினு வா” என்றார். பயிற்சி கொடுத்த மாஸ்டரோ, “வலியை ஓடித்தான்டா விரட்டணும்” என்றார். நான் இரண்டு பேர் சொன்னதையும் செய்யாமல், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன், அது இரண்டையும்விட மோசம். மாத்திரை வலியைத்தான் அமுக்கும், எலும்பு வாங்கும் அடி அப்படியே விழுந்துகொண்டுதான் இருக்கும்.

பிசிக்கல் அன்று 1500 மீட்டரை 7 நிமிடம் 19 விநாடியில் முடித்தேன். 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ரிட்டனுக்கு ஒன்றரை வருடம் படித்தது 19 விநாடியில் போனது.

அதற்குப் பிறகுதான் அரசு மருத்துவமனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்றார், அதாவது ஓட்டம் அளவுக்கு மீறும்போது கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் வரும் வலி. ஓடும்போது கணைக்கால் எலும்பு ஒவ்வொரு அடிக்கும் லேசாக வளைகிறது. அந்தச் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆனால் திருத்துகிற விதம்தான் விசேஷம்: பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் புதிதாகக் கட்டும். கரைப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் புதிதாக ஓட ஆரம்பித்தவனுக்கு மூன்று நான்கு வாரத்தில், நல்ல வேகம் வந்துவிட்டது என்று அவன் நினைக்கிற அதே நேரத்தில், எலும்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது. எனக்கு மூன்றாவது வாரம் வலித்ததற்குக் காரணம் தைரியக் குறைவு இல்லை, வெறும் கணக்குப் பிழை.

கணக்கு என்றதும் இன்னொன்று. 1500 மீட்டர் என்பது 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடத்தில் முடிக்க ஒரு சுற்றுக்கு 112 விநாடி கிடைக்கிறது. இதற்கு தினமும் எட்டு கிலோமீட்டர் தார் ரோட்டில் எதற்கு? பயத்தில் ஓடுகிறோம், வேறொன்றுமில்லை.

உங்களுக்கு இருப்பது ஷின் ஸ்ப்ளின்ட்ஸா, வேறா என்று விரலால் ஓரளவு பார்க்கலாம். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் இதுதான். ஒரே புள்ளியில், ஊசி வைத்துக் குத்தியதுபோல் வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்கவே முடியாவிட்டால், எலும்பில் விரிசல் இருக்கலாம். அப்போது ஓட்டத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதுண்டு, ‘எக்ஸ்ரே நார்மல்’ என்றதும் மறுபடி கிரவுண்டுக்கு ஓடாதீர்கள். ஓட ஓடக் கால் இறுகி, பாதம் மரத்துப்போவது வேறு சங்கதி, அதையும் காட்ட வேண்டும். தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை: இந்த வலி பெண்களுக்குக் கூடுதலாக வரும், அதோடு மாதவிலக்கும் தள்ளிப்போனால் சாப்பாடு பயிற்சிக்குப் போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு மூன்று வாரம் ஓட்டம் கிடையாது என்றார் பிசியோ. சும்மா படுத்திருக்கவும் சொல்லவில்லை. சைக்கிள் மிதித்தேன், சத்துவாச்சாரியிலிருந்து கோட்டை வரைக்கும் போய்த் திரும்புவேன், மூச்சு விட்டுப்போகாமல் இருக்க அது போதும். முதல் வாரம் சாயங்காலம் ஐஸ்: டீக்கடைப் பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, விளிம்பைக் கிழித்துவிட்டு, ஐஸை ஒரே இடத்தில் வைக்காமல் வலிக்கும் பக்கம் முழுக்கத் தேய்க்க வேண்டும், பத்து நிமிடம். வேலூர் வெயிலில் பாதி ஐஸ் தரையில்தான் உருகும். ஐஸ் வலியைக் குறைக்கும், குணமாக்காது. எண்ணெய் போட்டு எலும்பு மேலேயே அழுத்தி நீவுவதை விட்டுவிடுங்கள், நான் நீவி இரண்டு நாள் கூடுதலாக நொண்டினேன்.

உண்மையில் என்னைத் தூக்கிவிட்டது கெண்டைக்கால் பயிற்சி. மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது, பதினைந்து பதினைந்தாக மூன்று தடவை. முட்டியை நிமிர்த்தி ஒரு முறை, கொஞ்சம் மடித்து ஒரு முறை. மடித்துச் செய்வதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஓட்டத்தில் கணைக்காலைத் தாங்குகிற உள்சதைக்கு அதுதான் வேலை கொடுக்கிறது. இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக்காலில். அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, குதிகாலை ஊன்றியபடி முன்பாதத்தை மட்டும் தூக்குவது. பார்க்க ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும், இருபதாவதில் கால் எரியும்.

அந்த மூன்று வாரத்தில் கயிறு ஏறப் பழகினேன், கைக்கும் தோளுக்கும்தானே வேலை. பிசிக்கலில் கயிறும் லாங் ஜம்ப்பும் உண்டு, ஸ்டாரைப் பொறுத்துத்தான் மார்க். கயிற்றில் ஐந்து மீட்டருக்கு ஒரு ஸ்டார், ஆறு மீட்டருக்கு இரண்டு. ஆனால் மேலேயிருந்து தொப்பென்று குதிக்காதீர்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்குங்கள். லாங் ஜம்ப்பைக் கடைசியாகத்தான் தொட்டேன்.

நடக்கும்போதும் அழுத்தும்போதும் வலி இல்லை, ஒற்றைக்காலில் பத்து முறை குதித்தாலும் இல்லை என்ற பிறகுதான் ஓட்டம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மண் கிரவுண்டில், சமதளத்தில். தளர்ந்த மணல் வேண்டாம், கெண்டைச் சதையைப் பிய்த்தெடுத்துவிடும், பாலாறு மன்னிக்கட்டும். ஓடும்போது லேசாகத் தெரிந்து, மறுநாள் காலையில் இல்லாமல் போனால் பரவாயில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போதே வலித்தால் முந்தைய நாள் ஓடியது அதிகம், ஒரு படி பின்னால் போங்கள். அடியைக் கொஞ்சம் குட்டையாக்கி, எண்ணிக்கையைக் கூட்டினேன். காலை முன்னால் நீட்டி நீட்டி வைக்கும்போதுதான் எலும்புக்கு அடி அதிகம். ஷூ விலையைவிட அது தேய்ந்துவிட்டதா என்பதைப் பாருங்கள்.

ஒன்பதாவது வாரம்தான் 1500ஐ நிற்காமல் ஓடினேன். அடுத்த அறிவிப்பு வந்தபோது ரிட்டனுக்குப் படிக்கும் நாட்களிலேயே வாரம் மூன்று நாள் ஓட்டம், மற்ற நாள் படிக்கட்டில் அந்தக் குதிகால் பயிற்சி. இரண்டாம் முறை 6 நிமிடம் 24 விநாடி.

“அண்ணா, எனக்கு இன்னும் மூன்று வாரத்தில் பிசிக்கல், இப்போதே வலிக்கிறது” என்று கேட்பவர்களுக்கு: பரவலான வலி மட்டும்தான் என்றால், தினசரி ஓட்டத்தை நிறுத்துங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, வலி ஏறாத அளவுக்கு, மூன்று 400 மீட்டர், நடுவில் நல்ல ஓய்வு, ஒவ்வொன்றும் 110 விநாடிக்குள். மற்ற நாட்களில் சைக்கிளும் படிக்கட்டும் கயிறும். ஒரே புள்ளியில் வலித்தால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

தேர்வான பிறகும் படிக்கட்டை விடாதீர்கள் தம்பி. டிரெய்னிங்கில் பூட்ஸ் போட்டுக்கொண்டு சிமெண்ட் தரையில் பரேடு, என் பேட்ச்சில் முதல் மாதமே பாதிப்பேர் கணைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தினமும் ராத்திரி பாரக் வாசற்படியில் குதிகாலை ஏற்றி இறக்குவதைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஆறாவது வாரம் பக்கத்தில் வந்து வரிசையாக நின்றார்கள்.