சவுலின் முதுகைப் பின்தொடர்ந்த மூன்று ஞாயிறுகள்

மூன்று ஞாயிற்றுக்கிழமை போயாயிற்று, கையில் தேறியது நானே எடுத்த 41 விநாடி வீடியோ. அதைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் “ஃபோகஸ் போயிருக்கே” என்றுதான் சொல்லப்போகிறார்கள். இருந்தாலும் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய கிராப் சென்சார் கேமரா (அதாவது படம் பதியும் சென்சார் கொஞ்சம் சின்னது), கூட வந்த கிட் லென்ஸ், அப்புறம் ஒரு 50 எம்எம் லென்ஸ். பிடித்த படத்தில் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அது ஏன் நெஞ்சைப் பிசைகிறது என்று பிரித்துப் பார்ப்பதும், அதே உத்தியை வீட்டில் முயல்வதும்தான் பொழுதுபோக்கு. இந்த முறை எடுத்தது 2015-இல் வந்த ஹங்கேரியப் படம், லாஸ்லோ நெமெஷ் இயக்கிய ‘சன் ஆஃப் சவுல்’. 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமில் நடக்கிற கதை. சவுல் ஒரு சோண்டர்கமாண்டோ. அதாவது விஷவாயு அறைக்கு ஆட்களை அழைத்துப் போவதும், பிறகு உடல்களை இழுத்து எரிப்பதும் நாஜிகள் யூதக் கைதிகள் தலையிலேயே கட்டிய வேலை. அந்தப் பிணங்களுக்கு நடுவே ஒரு பையனைப் பார்த்து, தன் மகன் என்று சொல்லி, முறைப்படி அடக்கம் செய்ய ஒரு ரபியை, அதாவது யூத மதகுருவை, தேடி அலைகிறான்.

இந்தப் படத்துக்கு வந்ததே, யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லர் என்ற தொழிலதிபரைப் பற்றி ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ வழியாகத்தான். அதை இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் அழுதிருக்கிறேன். அழவைத்தது படமா, இட்சாக் பெர்ல்மனின் வயலினா என்று ஒரு சந்தேகம் வந்தது. சரி, சத்தத்தை அணைத்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். 1943 மார்ச்சில், யூதர்களை அடைத்து வைத்திருந்த கிராகோவ் கெட்டோவைக் காலி செய்யும் நீண்ட காட்சி சத்தமே இல்லாமலும் குலுக்கி எடுத்துவிட்டது. தோளில் வைத்த கேமரா ஓடுகிறது, தடுமாறுகிறது, கருப்பு வெள்ளைக் கூட்டத்தில் அந்த ஒரே ஒரு சிவப்புக் கோட்டுக் குழந்தையைக் கண் விடமாட்டேன் என்கிறது. கடைசியில் ஷிண்ட்லர் “இன்னும் சிலரைக் காப்பாற்றியிருக்கலாம்” என்று உடைந்து அழுகிற காட்சியோ, மியூட் போட்டால் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. அங்கே வேலை பார்த்தது இசை. இது என் கணக்கு, சண்டைக்கு வராதீர்கள்.

அதே சோதனையைச் சவுலுக்கும் வைத்தேன். சத்தம் இல்லாத முதல் பத்து நிமிடம், உண்மையைச் சொன்னால் கொட்டாவி வந்தது. மங்கலான பச்சை, அதிலிருந்து ஒருவன் நடந்து வந்து முகம் தெளிவாகிறான், அதற்கப்புறம் அந்த முகம், அந்தப் பிடரி, முதுகில் சிவப்பு பெயின்டில் போட்ட பெருக்கல் குறி, அவ்வளவுதான். பின்னால் நடப்பதெல்லாம் கலங்கல். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுக் கேட்டேன். துணியைக் கழற்றி மாட்டுங்கள், கொக்கி எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குளித்துவிட்டு வந்தால் சூப் காத்திருக்கிறது என்று தன்மையாகப் பேசுகிற ஒரு குரல். கதவு சாத்தப்படுகிறது. அப்புறம் உள்ளேயிருந்து அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி உட்கார முடிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நடப்பது அத்தனையும் காதில் இருக்கிறது, கண்ணுக்குக் கொடுத்திருப்பது எதற்கும் அசையாத ஒரு முகம் மட்டும். அந்த மனிதன் அழுதிருந்தால் நாமும் கூடச் சேர்ந்து அழுதுவிட்டு லேசாகியிருப்போம். அவன் அழவில்லை, அவனுக்கு இது அன்றாட வேலை, அடுத்த ஷிஃப்டிலும் இதேதான். நமக்கு வந்ததை இறக்கி வைக்கத் திரையில் இடமே இல்லை. அழச்சொல்லிக் கொடுக்கிற பின்னணி இசையும் கிடையாது. ஒளிப்பதிவாளர் மாத்யாஷ் எர்தெய்யும் நெமெஷும் படம் அழகாகத் தெரியக்கூடாது, சவுல் பார்ப்பதையும் கேட்பதையும் தாண்டிக் கேமரா போகக்கூடாது என்று தங்களுக்குள் விதியே போட்டுக்கொண்டு எடுத்திருக்கிறார்கள்.

இனி என் கூத்து. வதைமுகாமை வீட்டு வராந்தாவில் நடித்துக் காட்டுகிற அளவுக்குத் திமிர் எனக்கு இல்லை, அது அசிங்கமாகவும் இருக்கும். அதனால் உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டேன்: பக்கத்து அறையில் ஏதோ நடக்கிறது, ஒருவனுக்கு அது பழகிப்போய்விட்டது, துணி மடிக்கிறான். நண்பன்தான் நடிகன்.

முதல் ஞாயிறு முழுக்க வீண். படத்தைப் பெரும்பாலும் 40 எம்எம் லென்ஸில் எடுத்தார்கள் என்று படித்திருந்தேன், என் கேமராவுக்கு 1.6-ஆல் வகுக்க வேண்டும் என்று பெரிய மேதாவி மாதிரி கணக்குப் போட்டு கிட் லென்ஸை 25-இல் வைத்தேன். ஃபிரிட்ஜ், கொடியில் காயும் லுங்கி, காலண்டர் எல்லாம் பளிச்சென்று வந்து நின்றன. ராத்திரிதான் உறைத்தது: அவர்கள் எடுத்தது 35 எம்எம் சினிமா ஃபிலிம், அதன் பிரேம் அளவும் என் கிராப் சென்சார் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. எதையும் வகுக்க வேண்டியதில்லை, 40 என்றால் 40தான். வகுக்கும் கணக்கு ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) ஸ்டில் கேமராவோடு ஒப்பிடும்போது மட்டும். இதே தப்பைச் செய்யப்போகிற யாருக்காவது இந்த ஒரு பத்தி பயன்பட்டால் சரி.

இரண்டாவது ஞாயிறு 50 எம்எம். லென்ஸின் துளையை முழுக்கத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் வைத்தால் தெளிவாக இருப்பது மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை, மூக்கு தெரிந்தால் காது தெரியாது. அவன் நடக்க, நான் பின்னால் நடக்க, ஃபோகஸ் எங்கேயோ நடந்தது. சினிமாவில் இதற்கென்றே ஒரு ஆள் கூட நடந்துகொண்டு வளையத்தைத் திருப்புவார், எனக்கு அந்த வசதி இல்லை. கடைசியில் ஒரு மீட்டர் சணல் கயிற்றை அவன் பெல்ட்டிலும் கேமரா பிடியிலும் கட்டினேன். கயிறு விறைப்பாக இருந்தால் தூரம் சரி. “என்னை என்ன மாடு மாதிரி ஓட்டுறியா?” என்றான். ஆனால் வேலை செய்தது. துளையைக் குறுக்கி f/4-க்குக் கொண்டுவந்து, பக்கவாட்டை வெட்டிப் பழைய படங்களின் கட்டம் மாதிரி ஆக்கியதும் பிடரி திரையை அடைத்துக்கொண்டது. சவுல் படமும் அந்தப் பழைய 1.37 அளவில்தான் (உயரம் 1 என்றால் அகலம் 1.37) இருக்கிறது. அகலத் திரையாக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் கண் மேயப் போய்விடும், இதில் அவனைத் தவிரப் போக வழியில்லை.

பெரிய சிக்கல் நடிப்பு. பக்கத்து அறையில் அழுகைச் சத்தம் வரும் என்று சொல்லிவிட்டதால் நண்பன் புருவத்தைத் தூக்குகிறான், எச்சில் விழுங்குகிறான். எத்தனை தடவை “ஒண்ணும் பண்ணாதடா” என்று சொல்வது? பிறகு 300-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே துணியை மடி என்றேன். மண்டையில் கணக்கு ஓடுவது வெளியே தெரியவில்லை, மரத்துப்போன முகம் மாதிரி இருந்தது. சவுலாக வரும் கேசா ரோரிக் அடிப்படையில் கவிஞர், அவர் எதை எண்ணிக்கொண்டு நின்றாரோ.

அந்த நல்ல டேக்கையும் நானே கெடுத்தேன். அழுகை உயரும் இடத்தில் கை தானாக முன்னால் போய் முகத்தை நெருங்கிவிட்டது. அன்றைக்குச் சரியான இடம் என்றே நினைத்தேன். எடிட் செய்யும்போதுதான் 1961-இல் பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெத் எழுதியது நினைவுக்கு வந்தது. 1960-இல் வந்த ‘காபோ’ என்ற வதைமுகாம் படத்தில் ஒரு பெண் மின்வேலியில் பாய்ந்து சாகிறாள், கேமரா நகர்ந்து போய் அவள் கையை அழகாகக் கட்டத்துக்குள் பொருத்துகிறது. அப்படி நகரத் தீர்மானித்த இயக்குநர் அருவருப்புக்குரியவர் என்கிற அளவுக்குத் திட்டியிருப்பார் ரிவெத். அப்போது படித்தபோது ஒரு ஷாட்டுக்கு இவ்வளவு கோபமா என்று இருந்தது. என் நகர்வைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். “இங்கே அழு” என்று பார்க்கிறவன் தோளைத் தட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. வெட்டிவிட்டேன். அதில் 20 விநாடி போயிற்று.

மூன்றாவது ஞாயிறு ஒலி மட்டும். மைக்கை அறைக்குள் வைத்துப் பதிந்த கதவுத் தட்டல் பொய்யாக இருந்தது. அதே மைக்கைச் சாத்திய கதவுக்கு வெளியே, வராந்தாவில் வைத்ததும் கூர்மை போய் அடித்தொண்டைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது, அதுதான் வேண்டியது. அதன் மேல் பாத்திரம் உருளும் சத்தம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது, இப்படி நாலைந்து அடுக்கு. பேச்சு புரியாமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது. படத்திலும் ஹங்கேரியன், ஜெர்மன், யித்திஷ், போலிஷ் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன, சப்டைட்டில் பாதிக்குத்தான் வரும்.

இன்னும் தொடாதது கடைசி ஷாட், படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். ஒரு சிறுவன் வந்து நிற்கிறான், சவுல் படத்திலேயே முதல்முறையாகச் சிரிக்கிறான். அதன் பிறகு, அதுவரை அவனோடு ஒட்டிக்கொண்டிருந்த கேமரா அவனை விட்டுவிட்டு அந்தச் சிறுவன் பின்னால் காட்டுக்குள் போகிறது, துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. என் 41 விநாடியில் விட்டுப் பிரிகிற அளவுக்கு இன்னும் யாரோடும் ஒட்டவில்லை. குறைந்தது மூன்று நிமிடம் பின்னால் நடந்தாக வேண்டும். நண்பன் வரச் சம்மதித்திருக்கிறான், கயிறு மட்டும் கூடாதாம்.