தேர்தல் முடிவுக்குக் காத்திருந்தபோது: டெஸ்க் குறிப்புகள்

மே 28, 2024, செவ்வாய்

கத்திரி இன்றோடு முடிகிறதாம். லஸ் கார்னரில் நிற்க முடியவில்லை.

அம்மாவின் ஆய்வக ரிப்போர்ட் வரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். ஆபீஸ் வர்த்தக டெஸ்கில் யாரிடமும் சொல்லவில்லை.

மே 29, புதன்

இந்தியா விக்ஸ், சந்தை எவ்வளவு ஆடும் என்ற பயத்தின் அளவுகோல், 24. ஏப்ரல் 23 அன்று அது 10-க்குப் பக்கத்தில் கிடந்தது. தேர்தல் பயம் முழுவதும் ஆப்ஷன் பிரீமியத்தில் (சந்தை ஆட்டத்துக்குக் காப்பு வாங்குபவன் விற்பவனுக்குக் கொடுக்கும் விலை) ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த விலையில் விற்காமல் இருப்பவன் முட்டாள் என்று டெஸ்கில் ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். எனக்கும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

ஏன் இவ்வளவு ஊறுகிறது என்று மதியச் சாப்பாட்டின்போது யோசித்தேன். வழக்கமாகப் பாதி விற்றுவிட்டு மீதிக்குக் காத்திருப்பவள் நான். இன்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் விற்கக் கை பரபரத்தது. பணத்தேவை இல்லை, ஆஸ்பத்திரிச் செலவு சமாளிக்கக்கூடியதுதான். விற்ற ஆப்ஷனில் ஒவ்வொரு நாள் கழியும்போதும் கொஞ்சம் காசு சேரும். அங்கே காத்திருப்பதற்குக் கூலி உண்டு. ஆய்வகம் வைத்திருக்கும் காத்திருப்புக்குக் கூலி கிடையாது. இதை அதில் ஈடுகட்டப் பார்க்கிறேன்.

விற்கவில்லை.

மே 30, வியாழன்

மாத எக்ஸ்பைரி, அந்த மாத ஆப்ஷன்கள் காலாவதியாகும் நாள். நாலு மணி நேரத் தூக்கம். எந்த ஆர்டரும் போடவில்லை.

மே 31, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு முன்பு நோட்டில் நான்கு கட்டம் நிரப்புவது பழைய வழக்கம்: தூக்கம், சாப்பாடு, யாரோடாவது சண்டையா, நாடி. நாடிக்கு மட்டும் ஒரு விளையாட்டு. கையை எங்கும் வைக்காமல், கண்ணை மூடி, அரை நிமிடத்துக்கு இதயத்துடிப்பை உள்ளுக்குள்ளேயே எண்ணுவேன். பிறகு கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி ஒப்பிடுவேன். இன்று நான் எண்ணியது 34. கருவி காட்டிய கணக்குப்படி 46. இவ்வளவு தள்ளிப் போனதே இல்லை. உடம்பு ஓடுகிறது, எனக்குச் செய்தி வரவில்லை.

இது நான் கண்டுபிடித்த பைத்தியக்காரத்தனம் இல்லை. லண்டன் வர்த்தகத் தளம் ஒன்றில் டிரேடர்களை இப்படித் துடிப்பை எண்ணச் சொல்லிப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. வெளியாட்களைவிட அவர்கள் சரியாக எண்ணினார்கள். அவர்களுக்குள்ளும் சரியாக எண்ணியவர்கள் கூடுதலாகச் சம்பாதித்திருந்தார்கள், அந்தத் தொழிலில் கூடுதல் வருடம் தாக்குப்பிடித்திருந்தார்கள். அதைச் செய்த குழுவில் இருந்த ஜான் கோட்ஸ் வால் ஸ்ட்ரீட்டில் டிரேடராக இருந்துவிட்டு உடலியல் ஆராய்ச்சிக்குப் போனவர். 2008-இல் அவரும் ஜோ ஹெர்பர்ட்டும் வெளியிட்ட ஆய்வில், சந்தையின் ஏற்ற இறக்கம் கூடக்கூட டிரேடர்களின் கார்ட்டிசால் (உடம்பின் அழுத்த ஹார்மோன்) ஏறியது தெரிந்தது. பதினேழு பதினெட்டு பேரை வைத்துச் செய்த ஆய்வுகள்தான், இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 34-க்கும் 46-க்கும் நடுவில் இருக்கிற பள்ளம் என்னுடையது.

எங்கள் டெஸ்க் தம்பி எட்டிப் பார்த்துச் சிரித்தான். “என்ன அக்கா, பிரஷர் மாத்திரை ஆரம்பித்துவிட்டீர்களா?”

மதியம் ஒரு சின்ன பொசிஷன் எடுத்தேன். வியாழன் எக்ஸ்பைரிக்கு, நிஃப்டி பங்குக் குறியீட்டில் 21,800 புட்டும் (அதற்குக் கீழே விழுந்தால் எனக்கு நஷ்டம்) 23,500 காலும் (அதற்கு மேலே ஏறினால் நஷ்டம்) விற்று, இரண்டுக்கும் வெளியே காப்புக்கு வாங்கி வைத்தது. அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று நோட்டில் எழுதினேன். அதில் பாதி போனாலே வெளியே வந்துவிட வேண்டும் என்று அடியில் கோடு போட்டு எழுதினேன்.

ஜூன் 1, சனி

மாலை ஆறரைக்குப் பிறகு எல்லாச் சேனலிலும் கருத்துக்கணிப்பு. ஆளும் கூட்டணிக்கு 350, 370 இடம், அதற்கும் மேலே. டெஸ்க் வாட்ஸ்ஆப் குழுவில் பட்டாசுப் படங்கள்.

அம்மாவுக்கு ரசம் சாதம் மட்டும்தான் இறங்குகிறது.

ஜூன் 2, ஞாயிறு

“பல்லைக் கடித்துக்கொண்டே தூங்குகிறாய், அடுத்த அறைக்குக் கேட்கிறது” என்றாள் அம்மா. பல் டாக்டர் போன வருடமே சொன்னார். இரவில் மாட்டிக்கொள்ள அச்சு எடுத்துக் கொடுத்தது அலமாரியில் இருக்கிறது. பொசிஷன் நஷ்டத்தில் இருக்கும்போதெல்லாம் இடது தாடைதான் முதலில் இறுகும். திரையில் சிவப்பைப் பார்த்தாலும் ‘திரும்பிவிடும்’ என்று மனம் பேசிக்கொண்டிருக்கும்; அதற்குள் தாடைக்கு விஷயம் தெரிந்திருக்கும்.

உளவியலாளர் டேனியல் கானமன் மார்ச்சில் போய்விட்டார். லாபத்தின் இனிப்பைவிட நஷ்டத்தின் வலி பெரிது என்று சக உளவியலாளர் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து 1979-இல் எழுதியவர். இத்தனை வருடம் இதைப் படித்தும் தன் சொந்தத் தீர்மானங்கள் பெரிதாக மேம்படவில்லை என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அதை முதலில் கேட்டபோது ஆறுதலாக இருந்தது. இன்று எரிச்சலாக இருக்கிறது. அவருக்கே இல்லை என்றால் எனக்கு எதற்கு இந்த நோட்டு? தெரிந்துகொள்வது ஒன்று, கையைக் கட்டுவது இன்னொன்று என்றுதான் பதில் வருகிறது. கையைக் கட்ட வெளியே ஏதாவது வேண்டும். கோடு போட்ட வரி. அம்மா. பல் அச்சு.

அச்சைக் கழுவி எடுத்து வைத்தேன்.

ஜூன் 3, திங்கள்

நிஃப்டி 733 புள்ளி மேலே. 23,263.90. வரலாற்று உச்சம்.

என் 23,500 கால் மூச்சுத் திணறியது. பாதிக் கோட்டைத் தொடவில்லை. ஆபீசில் எல்லோரும் பணம் செய்தார்கள். வயிறு எரிந்தது, இதை எழுதித்தான் ஆக வேண்டும். அவர்கள் செய்த பணம் என் பையிலிருந்து போகவில்லை. ஆனாலும் எரிந்தது. இரண்டு மணிக்கு மேல் காப்புகளை விற்றுவிட்டு முழுதாக இறங்கலாம் என்று மனம் நச்சரித்தது. எழுந்து போய்க் காபி குடித்தேன். திரும்பி வந்தபோது மணி மூன்று.

தம்பியும் ஏற்றத்தைத் தவறவிட்டவன். மூன்று இருபதுக்குக் கோபத்தில் புட் வாங்கிக் குவித்தான். காரணம் கேட்டேன். “இவ்வளவு ஏறினால் விழுந்துதானே ஆக வேண்டும் அக்கா?” என்றான். அது காரணமே இல்லை. முகம் சிவந்திருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

நோட்டில் நாடி: எண்ணியது 45, கருவி 48. உடம்பு இன்று என்னோடு பேசுகிறது.

ஒன்பதரை: முன்னணி நிலவரம் கருத்துக்கணிப்புக்குக் கிட்டேகூட இல்லை. பத்தரை: யாரும் பேசவில்லை, மவுஸ் சத்தம் மட்டும். 10 சதவீதம் விழுந்தால் வர்த்தகம் நிற்கும், ஒரு மணிக்கு முன்பு என்றால் 45 நிமிடம். மூத்தவர் 2004 மே 17-ஐப் பற்றி ஆரம்பித்தார்: அன்று இரண்டு முறை நின்றதாம். 2009 மே 18-இல் தலைகீழ், மேல் பக்கம் அடைத்து அன்றைக்கே கடையை மூடினார்கள். இரண்டும் தேர்தல் முடிவுகளுக்குப் பிந்தைய திங்கள்கிழமைகள்.

சந்தை என் 21,800 புட்டை உடைத்துக்கொண்டு கீழே போனது. பாதிக் கோடு வந்தது. வெளியே வந்தேன். கை நடுங்கவில்லை, தாடை மட்டும் கல்லாக இருந்தது. நிஃப்டி 21,281 வரை போய், 21,884.50-இல் முடிந்தது. ஏறக்குறைய 6 சதவீத வீழ்ச்சி.

தம்பியின் புட் பல மடங்கு.

ஜூன் 5, புதன்

முதலாளி ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து தம்பியைத் தோளில் தட்டினார். “உள்ளுணர்வு என்றால் இதுதான்.” மைசூர்பாகு நன்றாகத்தான் இருந்தது.

அதுதான் என்னை உறுத்துகிறது. நஷ்டம் வந்திருந்தால் அவன் கோபத்தைக் கோபம் என்று பார்த்திருப்பான். இனி அதற்கு உள்ளுணர்வு என்று பெயர். அடுத்த முறை முகம் சிவக்கும்போது இரண்டு மடங்கு வாங்குவான். சந்தையைக் கண்காணிக்கும் செபி 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 நிதியாண்டில் பங்கு எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகம்) இறங்கிய தனிநபர்களில் 89 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரியாக 1.1 லட்சம் ரூபாய். அந்த அச்சுப்பிரதி எங்கள் பேன்ட்ரியில் ஒட்டியிருக்கிறது. டீ எடுக்கப் போகும் ஒவ்வொருவனும் மீதி 11-இல் தான் இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் டீ எடுக்கிறான்.

பொறாமையில் எழுதுகிறேனா என்றும் பார்த்தேன். பாதி அதுதான்.

நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் மீண்டது.

ஜூன் 6, வியாழன்

எக்ஸ்பைரி. 22,821. நான் விற்றிருந்த இரண்டுக்கும் நட்டநடுவில். கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் முழு பிரீமியமும் எனக்கு. இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏதோ மாறிவிடும்போல.

ஜூன் 7, வெள்ளி

ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே வைத்தது. நிஃப்டி 23,290. திங்கட்கிழமை முடிந்ததைவிட மேலே! நடுவில் நடந்ததெல்லாம் நடக்காததுபோல.

மாலை தம்பி வந்து உட்கார்ந்தான். “வெளியே வந்தது தப்பு என்று இப்போது தோன்றவில்லையா அக்கா?” இல்லை என்றேன். அந்தக் கோட்டை வெள்ளிக்கிழமை போட்டது சந்தைக்காக இல்லை. செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு நான் எப்படி இருப்பேன் என்பதற்காகப் போட்டது. 21,281-இல் நான் இன்னும் உள்ளே இருந்திருந்தால் வியாழன் வரை கையைக் கட்டிக்கொண்டா இருந்திருப்பேன்? அதற்கும் கீழே எங்காவது கதறிக்கொண்டு விற்றிருப்பேன், அல்லது இரட்டிப்பாக்கியிருப்பேன். வியாழன் வரை பொறுமையாக இருந்திருக்கக்கூடிய அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.

அவன் தலையாட்டினான். நம்பவில்லை. திங்கள் மூன்று இருபதுக்கு அவன் நாடி என்ன என்று கேட்டேன். “பார்க்கவில்லை” என்றான். ஆக்ஸிமீட்டரை அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ‘தொந்தரவு’ என்று நினைத்திருப்பான்.

ஆய்வகத்திலிருந்து ஒன்றுமில்லை.

ஜூன் 8, சனி

அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். இரவு அச்சு மாட்டித் தூங்கினேன். வாய் முழுக்க பிளாஸ்டிக் வாசனை.

ஜூன் 10, திங்கள்

எட்டரைக்கு ஆய்வகத்திலிருந்து போன். ரிப்போர்ட் தயார், மாலை ஐந்து மணிக்கு டாக்டர் நேரில் பேசுவாராம். ‘நேரில்’ ஏன் என்று கேட்டதற்கு, வழக்கமாக அப்படித்தான் என்றார் அந்தப் பெண்.

நோட்டில் நான்கு கட்டமும் காலி. இன்று டெர்மினலில் என் லாகின் வேண்டாம் என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பினேன். காரணம் கேட்டால்