கண் சொன்னதும் காற்று சொன்னதும்

"இது உன் கண்ணு சொல்றதா, காத்து ஃபைல் சொல்றதாப்பா?" என்று அக்கா போனில் கேட்டார்.

"காத்து ஃபைல்தான், அக்கா."

"சரி, அப்படியே போட்டுடு."

2022 மார்ச்சில் நடந்த பேச்சு இது. செயற்கைக்கோள் படங்களில் கடலில் எண்ணெய்க் கசிவைத் தேடுவது என் வேலை; அக்கா அங்கே எனக்கு மூத்தவர். காத்து ஃபைல் என்றால் அந்த நேரத்துக் காற்றின் வேகத்தைச் சொல்லும் கணினிக் கணிப்பு. இன்னும் என்னை விடவில்லை.

சென்டினல்-1ஏ என்ற ரேடார் செயற்கைக்கோளின் படத்தில், கப்பல் போகும் தடத்தை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. நீளம் 14 கி.மீ., அகலம் 300 மீட்டர்கூட இருக்காது. எண்ணெய் படிந்தால் கடலின் சிற்றலைகள் அடங்கிவிடும். ரேடார் அலை மோதி வேறு பக்கம் போய்விடும், அந்த இடம் கறுத்துத் தெரியும். காற்று ஓய்ந்த தண்ணீரும் அப்படித்தான் தெரியும். காற்றின் வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே போனால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். அன்று ஃபைலில் 2.5. "போலி" என்று குறித்தேன், அதாவது எண்ணெய் மாதிரித் தெரிந்தாலும் எண்ணெய் இல்லை என்று.

அது சரிதான் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முந்தின வாரம்தான் பாசிப் படலத்தை எண்ணெய் என்று எழுதி, படகு போய் வெறுமனே திரும்பியிருந்தது. மறுபடி அப்படி ஆனால் அடுத்த எச்சரிக்கையை யார் நம்புவார்கள்?

ஆனால் காற்று ஃபைலைத் தரும் கணினி மாடலில் ஒரு கட்டமே ஏறக்குறைய 25 கி.மீ. 300 மீட்டர் கோட்டைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? காற்று ஓய்ந்த இடம் பெரும்பாலும் அகலமாக, ஓரம் மங்கி இருக்கும். இது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. சுற்றிலும் கடல் நல்ல சாம்பல் நிறம், அப்படியென்றால் அங்கே காற்று இருந்திருக்கிறது. இதெல்லாம் அன்றே தெரியும். கோட்டின் தலையில் கப்பலின் வெள்ளைப் புள்ளி இல்லையே என்பதைப் பிடித்துக்கொண்டேன். கொட்டிவிட்ட கப்பல் அங்கேயே நிற்கவா போகிறது?

இதன் ஜோடியான சென்டினல்-1பி செயற்கைக்கோள் 2021 டிசம்பரிலேயே செயலிழந்துவிட்டது. அதனால் 1ஏ அதே பாதையில் திரும்ப வந்து எடுத்த அடுத்த படம் 12 நாள் கழித்துத்தான் வந்தது. அதில் ஒன்றுமில்லை. எண்ணெயாகவே இருந்திருந்தாலும் அதற்குள் கலைந்திருக்கும்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய கறுப்புக் கசடை ஆட்கள் வாளியில் அள்ளியதை டிவியில் பார்த்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். அந்த வாளிகள் நினைவுக்கு வரும்போது என் சமாதானம் எதுவும் நிற்பதில்லை.

ஒருநாள் விடிகாலை கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் போய் நின்றேன். செயற்கைக்கோள் படம் எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். தண்ணீர் அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் மெல்லச் சிலிர்த்தது. நடுவே தெளிவான கோடு, காற்று கிழித்த கோடு. அப்படியானால் நான் குறித்தது சரியாக இருக்கலாம். வீடு வருவதற்குள் அந்த நிம்மதியும் போய்விட்டது: அணையின் கோடு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைந்து கலைந்தது. கடலில் இருந்தது 14 கி.மீ. வளையவே இல்லை.

இப்போது மென்பொருளே கறுப்புத் திட்டுகளைப் பிரிக்கப் பழகுகிறது. அதற்குக் கொடுத்த பயிற்சிப் படங்களில் அந்தக் கோடும் இருக்கிறது, "போலி" என்ற என் குறிப்போடு. எடுத்துவிடச் சொல்லி அக்காவுக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.