பழைய பஸ் ஸ்டாண்டு சுவர்

எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் சமூகவியல் படித்த எங்கள் வகுப்புக்குப் பேராசிரியரின் ஒரு கண்டிப்பு மறந்திருக்காது. புதிய சமய இயக்கங்களைப் பற்றிய விடையில் ‘போலி’ என்று எழுதினால் மார்க் கிடையாது. “தீர்ப்புச் சொல்ல கோர்ட்டு இருக்குதப்பா. நீங்க வகைப்படுத்துங்க” என்பார்.

சமூகவியலாளர் ராய் வாலிஸ் இந்த இயக்கங்களை மூன்றாகப் பிரித்து 1984இல் வெளியிட்ட பகுப்பை அவரிடம்தான் கற்றோம். ஓர் இயக்கம் உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்பதே அந்தப் பகுப்பின் கேள்வி. உலகம் கெட்டுப்போச்சு, எல்லாவற்றையும் விட்டு வா என்பவை உலக மறுப்பு இயக்கங்கள்: 1966இல் நியூயார்க்கில் தொடங்கிய இஸ்கான், கொரியாவின் சன் மியுங் மூன் சபை. இருக்கிற வாழ்க்கையிலேயே உன் ஆற்றலைப் பெருக்கிக்கொள் என்பவை உலக ஏற்பு: மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம், அமெரிக்காவில் தோன்றிய சயின்டாலஜி. உலகத்தோடு மல்லுக்கு நிற்காமல் உள்ளத்துப் பக்தியை மட்டும் புதுப்பிப்பவை மூன்றாம் வகை.

இதைப் படிக்க எங்களைப் பழைய பஸ் ஸ்டாண்டு சுவருக்கு முன்னால் நிறுத்தினார். பசை காயாத தியான வகுப்பு நோட்டீஸ். கட்டணம் அடியில் பொடி எழுத்தில். பக்கத்தில் ஜெபக் கூட்டம், ‘குடும்பத்துடன் வருக’. “குடும்பத்தோட கூப்பிடறாங்களா, குடும்பத்த விட்டுட்டு வரச் சொல்றாங்களா, அதப் பாருங்க” என்றார். அந்த ஒரு வரி ஒரு பாடத்துக்குச் சமம்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். குனிந்து நுழையும் குகை, நெருக்கியடிக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள். இது எந்த வகை என்று கேட்டார். எதிலும் சேராது. பிறப்போடு வரும் வழிபாடு வேறு, தேடிப்போய்ச் சேரும் இயக்கம் வேறு.

வகைகள் நிலையானவையும் அல்ல. துறவோடு தொடங்கிய இஸ்கானில் இன்று வேலைக்குப் போய் வீட்டிலிருந்தே வழிபடும் குடும்பங்கள் ஏராளம். அடுத்த தலைமுறை பிறந்ததுமே சிறு சமயக் குழுக்களின் வேகம் தணிந்துவிடும் என்று அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபூர் 1929லேயே எழுதியிருக்கிறார்.

இப்போதும் ஊரிலிருந்து பெற்றோர் போன் செய்கிறார்கள்: “பையன் ஏதோ அமைப்புல சேந்துட்டான் தம்பி, என்ன பண்றது?” வாரம் ஒருமுறை வகுப்பா, படிப்பை விட்டானா, வீட்டுக்குப் பேசுகிறானா என்று கேட்பேன். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்பேன். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் ஆராய்ந்த மூன் சபைப் பயிலரங்குகளுக்குப் போனவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டே ஆண்டுகளில் விலகிவிட்டார்கள்.