முகத்துக்கு மட்டும் பூசிய கறுப்பு

கடலூர் முதுநகர் டீக்கடை டிவியில் சீரியல். கதாநாயகி கறுப்பு, அதனாலேயே மாமியார் கரித்துக்கொட்டுகிறாள். அவள் அழுதுகொண்டே கண்ணைத் துடைக்கும்போது பார்த்தேன், முகமெல்லாம் அப்பிய மேக்கப், மணிக்கட்டுக்கு மேலே வெளேரென்று இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து கூடையோடு வந்திருந்த மீன்கார அக்காவும் கவனித்துவிட்டார். "கைக்குப் பூச மறந்துட்டாங்க தம்பி."

கறுத்த பெண்ணின் கதைக்குக்கூடக் கறுத்த பெண்ணைக் கூப்பிட மாட்டார்களா? அப்படிக் கோபம் வந்தது.

அமெரிக்காவிலும் லேசில் நடக்கவில்லை. 1949இல் தொடங்கிய, அங்கே டிவிக்குக் கொடுக்கும் எம்மி விருதுகளில், டிராமா தொடரின் சிறந்த கதாநாயகியாக ஒரு கறுப்பினப் பெண் ஜெயிக்க 2015 ஆனது. வயோலா டேவிஸ். எங்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது வாய்ப்பு ஒன்றுதான் என்று மேடையிலேயே சொன்னார்.

கடலூரில் நடிக்கத் தெரிந்த கறுத்த பொண்ணுங்களுக்கா பஞ்சம்? வேலைக்காரி வேஷத்துக்கு மட்டும் தேடாமல், கதாநாயகி ஆடிஷனுக்கும் கூப்பிடுங்கள்.