கை எட்டும் தூரம்

"தலைவர்களுக்குப் பின்னாடி சஃபாரி போட்டு நிற்கிறாங்களே, அந்த வேலைக்கு எங்கே சார் அப்ளிகேஷன் போடணும்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு என் முதல் பதில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதற்குத் தனியாக விண்ணப்பம் கிடையாது. முதலில் போலீஸ் ஆக வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வு, 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கும் ஓட்டம், கயிறு ஏறுதல், அப்புறம் பயிற்சிப் பள்ளியில் மாதக்கணக்கில் கவாத்தும் சட்டமும். அதற்குப் பிறகு ஆயுதப்படையில் சில வருடம் பாராவும் பந்தோபஸ்தும் பார்க்க வேண்டும். துப்பாக்கிப் பயிற்சியில் குறி தவறாமல் சுடுகிறவன், குடிப்பழக்கம் இல்லாதவன், வாயை அடக்கத் தெரிந்தவன் என்று மேலதிகாரிகள் கண்ணில் பட்டால் ஒருநாள் பாதுகாப்புப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

அழைப்பு வந்த பிறகும் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. என்னைப் பற்றி என் ஊரில் விசாரித்தார்கள். யாரோடு பழகுகிறேன், எங்கே கடன் வாங்கியிருக்கிறேன், வீட்டில் என்ன பிரச்சினை என்று எல்லாம் கேட்டார்கள். போலீஸ்காரனாக இருக்கும் என்னையே போலீஸ் விசாரிப்பது அப்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பயிற்சியின் முதல் வகுப்பில் காரணம் புரிந்தது. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் வெளியாட்கள் இல்லை. அவருடைய வீட்டுக் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்த இரண்டு போலீஸ்காரர்கள். பிரதமரின் பாதுகாப்புக்கென்றே எஸ்.பி.ஜி. என்ற தனிப்படை அடுத்த வருடமே, 1985இல் உருவானது அதனால்தான். ஒரு தலைவரின் முதுகுக்குப் பின்னால் குண்டு நிரப்பிய பிஸ்டலோடு நிற்க அனுமதிக்கப்படும் ஆளைச் சந்தேகப்பட்டு விசாரிப்பதில் தப்பே இல்லை. அதை அவமானமாக நினைத்த நாட்களை எண்ணி இன்றைக்கு வருத்தப்படுகிறேன்.

நான் பி.எஸ்.ஓ.வாக, அதாவது ஒருவரின் தனிப் பாதுகாப்பு அதிகாரியாக, இருந்தது ஆறு வருடம். நான் காவல் இருந்தவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஐயா என்றே சொல்கிறேன். உள்துறை அமைச்சகம் வகுத்த எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ் என்ற பாதுகாப்பு வரிசையில் அவருக்கு இருந்தது எக்ஸ். அதாவது நான் இருக்கும் நேரத்தில் நான் ஒருவன் மட்டும்தான். முன்னால் பைலட் வண்டி கிடையாது, பின்னால் எஸ்கார்ட் கிடையாது. என்னை மாற்றிவிட இன்னொருவர் வருவார், அவ்வளவுதான்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எனக்கு முன்பு அங்கே இருந்த ஏட்டையா. அவர் முதல் நாள் சொன்னது இரண்டே விஷயம். "தம்பி, மூஞ்சியப் பாக்காத, கையப் பாரு. மூஞ்சி சிரிக்கும், கை சிரிக்காது." இன்னொன்று, "ஐயா தோள் உன் கைக்கு எட்டணும். எட்டலைன்னா நீ வேடிக்கை பாக்க வந்தவன்."

கேட்டுக்கொண்டேன். ஆனால் மண்டையில் ஏறவில்லை. ஏறியது நாலு மாதம் கழித்து, ஒரு பொதுக்கூட்டத்தில்.

ஐயா மேடையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் பறந்து வந்து அவர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. எறிந்தவனை நான் பார்த்துவிட்டேன். நீலச் சட்டை. தடுப்புக் கட்டையைத் தாண்டிக் குதித்து, அவனைத் துரத்தி, முப்பது நாற்பது மீட்டரில் மடக்கி, கையை முறுக்கிக் கீழே சாய்த்து, உள்ளூர் போலீஸாரிடம் ஒப்படைத்தேன். மூச்சு வாங்கத் திரும்பி நடந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஆயுதப்படையில் இருந்த காலத்தில் இதற்குத்தான் என்னைப் பாராட்டுவார்கள்.

என் இன்ஸ்பெக்டர் மறுநாள் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா எந்தப் பக்கமா வண்டி ஏறினார்?"

எனக்குத் தெரியவில்லை. வலப்பக்கமா இடப்பக்கமா, யார் கதவைத் திறந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள், எதுவும் தெரியவில்லை. அந்த நேரம் முழுக்க நான் ஒரு பாட்டிலைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

"பாட்டில் எறிஞ்சவன் உன்னை இழுக்கறதுக்குன்னே வந்திருந்தா?" என்று அவர் அடுத்துக் கேட்டபோது கை கால் சில்லிட்டுப் போனது. பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

போலீஸ்காரனுக்குள் ஓடுகிற ரத்தம் துரத்துகிற ரத்தம். தப்பு நடந்தால் தப்பு செய்தவனை நோக்கிக் கால் தானாக ஓடும். அதற்குத்தான் பயிற்சியும் சம்பளமும் மெடலும். பி.எஸ்.ஓ. ஆனதும் அந்தக் காலை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். சத்தம் கேட்டால் சத்தத்தை நோக்கி ஓடக்கூடாது. காக்க வேண்டியவரை நோக்கி ஓட வேண்டும். அவரை மறை, குனிய வை, அங்கிருந்து கிளப்பு. பிடிப்பதும் வழக்குப் போடுவதும் மற்றவர்கள் வேலை. சொல்வதற்குச் சுலபம். எனக்கு அது உடம்பில் ஊற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகன் சுடப்பட்ட வீடியோவை எங்களுக்குப் பலமுறை போட்டுக் காட்டினார்கள். இரண்டு நொடிக்குள் ஆறு குண்டு. டிம் மெக்கார்த்தி என்ற காவலர் ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. சுடுகிறவன் பக்கம் திரும்பிக் கையையும் காலையும் விரித்து நிற்கிறார். குண்டு அவர் வயிற்றில் பாய்கிறது. அதே நேரம் ஜெர்ரி பார் என்ற இன்னொருவர் அதிபரைக் காருக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். வழியில் அதிபரின் வாயில் ரத்தம் கண்டு, வெள்ளை மாளிகைக்குப் போக வேண்டிய வண்டியை மருத்துவமனைக்குத் திருப்பியவரும் அவர்தான். இந்த இருவரும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள். அந்தத் துறை 1865இல் தொடங்கப்பட்டது கள்ளநோட்டுக்காரர்களைப் பிடிக்க. அதிபர் மெக்கின்லி 1901இல் கொல்லப்பட்ட பிறகுதான் அதிபர்களின் பாதுகாப்பு அவர்கள் கைக்கு வந்தது. துரத்திப் பிடிப்பதற்கென்றே பிறந்த துறை, துரத்தாமல் நிற்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிறகு 2022 ஜூலை 8, ஜப்பானின் நாரா நகரம். முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே தெருவில் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்பக்கம் திறந்து கிடக்கிறது. முதல் வெடிச்சத்தத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டரை நொடிக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் யாராலும் அவரைக் கீழே இழுக்க முடியவில்லை. அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் நீலச் சட்டைக்காரனைத் துரத்திய நேரத்தில் எத்தனை இரண்டரை நொடிகள் இருந்தன என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தேன்.

சரி, பிடிக்கவே கூடாது என்றால் எதற்குப் போலீஸ்? உடம்பு வளர்த்த தனியார் பாதுகாவலர்கள் போதாதா? நிறையப் பேர் கேட்கிற கேள்விதான் இது. வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. தனியார் காவலர் சட்டத்தின் முன் ஒரு சாதாரணக் குடிமகன். தன் கண் முன்னால் ஜாமீனில் வர முடியாத பெரிய குற்றம் நடந்தால் பிடித்து வைக்கலாம், உடனே போலீஸில் ஒப்படைக்க வேண்டும். இப்போதைய சட்டத்தில் அதற்கு ஆறு மணி நேரம்தான் கெடு. எனக்கு அப்படி இல்லை. நான் எந்த உடையில் இருந்தாலும் போலீஸ். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35வது பிரிவு, வாரன்ட் இல்லாமலே கைது செய்யும் அதிகாரத்தை எனக்குத் தருகிறது. ஒரு இடத்துக்குப் போகும் முன்பே உள்ளூர் இன்ஸ்பெக்டரிடம் பேசி, வழியைக் கேட்டு, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, தேவைப்பட்டால் கூட்டத்தை நகர்த்தச் சொல்ல என்னால் முடியும். அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் இருப்பதுதான் நாள் முழுக்க நான் செய்த வேலை.

அதிகாரம் இருக்கிறது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்பது இன்னொரு சிக்கல். சஃபாரியில் இருக்கும் ஒருவன் கூட்டத்தில் ஒரு பையனின் மணிக்கட்டைப் பிடித்தால், அவன் கண்ணுக்கு நான் அடியாள். கைது செய்கிறவர் யாரென்று அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு அது சட்டத்திலும் ஏறியது. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். யாரைத் தடுத்தாலும் முதல் வார்த்தை "போலீஸ்" என்பதுதான். அப்புறம்தான் "தள்ளி நில்லுங்க". தள்ளிவிட்ட பிறகு போலீஸ் என்று சொன்னால், தள்ளப்பட்டவரின் மனதில் அது அடியாகத்தான் பதியும்.

எந்தச் சட்டமும் எனக்கு அதிகாரம் தராத ஒரே ஆள், நான் காக்க வேண்டிய ஆள்தான். இதைச் சொல்லும்போது ஸ்ரீபெரும்புதூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்கிற எவனுக்கும் 1991 மே 21 ஒரு தேதி மட்டும் இல்லை. ஆட்சி போன பிறகு ராஜீவ் காந்திக்கு எஸ்.பி.ஜி. பாதுகாப்பு விலக்கப்பட்டிருந்தது. முன்னாள் பிரதமர்களுக்கும் அது உண்டு என்று சட்டத்தைத் திருத்தியது அவர் இறந்த பிறகுதான். அன்றிரவு மாலையோடு நெருங்கிய பெண்ணைப் பணியிலிருந்த பெண் உதவி ஆய்வாளர் தடுத்தார். எல்லோரும் வரட்டும் என்று சொன்னவர் ராஜீவ். கொஞ்ச நேரத்தில் அவருடைய பி.எஸ்.ஓ. பிரதீப் குமார் குப்தாவும், பணியிலிருந்த பல போலீஸாரும் அவரோடு செத்துப் போனார்கள். தடுத்த அந்தப் பெண் அதிகாரி காயங்களோடு பிழைத்தார். தடுக்க வேண்டிய கை சரியாகத் தடுத்தது. தலைவரின் ஒரு வார்த்தை அதை விலக்கியது. ஜனங்களைத் தொட்டுப் பேச விரும்புகிற தலைவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களை ஜனங்களுக்குப் பிடிப்பதே அதனால்தான். ஆனால் அவர் விரும்புகிற ஒவ்வொரு கையையும் நான் சந்தேகப்பட்டாக வேண்டும். இந்த இழுபறிக்கு எந்தப் பயிற்சியிலும் விடை கிடையாது.

ஐயாவோடு எனக்கு நடந்த ஒரே மனத்தாங்கலும் இதே வகைதான். விழாக்களில் போடுகிற சால்வைகளை அவர் கழற்றிப் பின்னால் நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன் என்பது வழக்கமாகிப் போனது. ஒருநாள் இரண்டு கையிலும் சால்வையோடு நின்றபோது ஒருவன் வேகமாக அவரை நெருங்கினான். மனு கொடுக்க வந்தவன்தான், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் என் கைகள் துணிமூட்டைக்குள் இருந்தன. அன்று வண்டியில் திரும்பும்போது சொன்னேன். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. இனிமே சால்வை வாங்க மாட்டேன். என் கை காலியா இருக்கணும்." அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் உதவியாளரிடம் ஒரு பையைக் கொடுத்து, "இனி இவர்கிட்ட எதையும் குடுக்காதீங்க" என்றார். எத்தனையோ இடங்களில் பி.எஸ்.ஓ.க்கள் பை தூக்குகிறார்கள், குடை பிடிக்கிறார்கள், கார் கதவு திறக்கிறார்கள். அதில் கௌரவக் குறைச்சல் இருக்கிறதா இல்லையா என்பது எனக்குப் பெரிதில்லை. பை தூக்கிய கையால் பிஸ்டலையும் எடுக்க முடியாது, ஐயாவையும் இழுக்க முடியாது.

கடைசியாக ஒரு இரவு. சுற்றுப்பயணம் முடிந்து நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐயா பின்சீட்டில் தூங்கிவிட்டார். சாலையோரம் சாய்த்து நிறுத்திய ஒரு பைக். பக்கத்தில் ஒருவன் ஒரு பெண்ணைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தில் அவள் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. டிரைவர் என்னைப் பார்த்தார். இடுப்பில் 9 எம்.எம். பிஸ்டல், சட்டைப்பையில் அடையாள அட்டை, கைது செய்யும் அதிகாரம், எல்லாம் இருந்தது.

"போங்கண்ணே" என்றேன்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டுக் கிலோமீட்டர் கல்லையும் பைக்கின் நிறத்தையும் சொன்னேன். இருபது நிமிடம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். ரோந்து வண்டி போய்ப் பார்த்ததாம். அங்கே யாரும் இல்லையாம்.

காலையில் ஐயாவிடம் சொன்னேன். "என்னை எழுப்பியிருக்கலாமே" என்றார். "எழுப்பினா நிறுத்தச் சொல்லியிருப்பீங்க ஐயா. அதனாலதான் எழுப்பல." இருட்டில் வண்டியை நிறுத்த வைக்க அப்படி ஒரு காட்சியை நடத்துவார்கள் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அது நாடகமாக இருந்திருக்கலாம். அந்தப் பெண்ணின் முகத்தில் நான் பார்த்தது நாடகம் இல்லை என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அதே நிலைமை மறுபடி வந்தாலும் "போங்கண்ணே" என்றுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அடுத்த வருடம் நானே மாறுதல் கேட்டு வாங்கி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். இரவு ரோந்தில் எனக்கும் அந்த மாதிரி அழைப்புகள் வருகின்றன. போய்ப் பார்க்கிறேன். பல தடவை அங்கே யாரும் இருப்பதில்லை. உடனே அப்படி எழுதிவிட்டு வண்டியில் ஏறுவதில்லை. டார்ச் அடித்துப் பள்ளத்தில் பார்க்கிறேன். பக்கத்தில் விளக்கெரிகிற நாலு வீட்டுக் கதவையாவது தட்டுகிறேன். "போலீஸ்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான்.