கறி வெட்டுற ஆள் எங்க?

டல்லாஸ்ல அக்கா வீட்ல இருந்தப்ப ஒரு ஞாயித்துக்கிழமை கறி வாங்க வால்மார்ட் போனோம். எல்லாமே தெர்மாகோல் தட்டுல வச்சு பிளாஸ்டிக் சுத்தி அடுக்கியிருக்கு, கத்தியோட ஒரு ஆள் கிடையாது. "குழம்புக்கு சின்னப் பீஸா வேணும்னா ஹலால் கடைதான்டா"ன்னு அக்கா வண்டிய திருப்பிடுச்சு. அப்புறம் சும்மா இதப் பத்தி தேடிப் படிக்கப் போய்தான் ஜாக்சன்வில் கதை மாட்டுச்சு.

டெக்சாஸ்ல அது ஒரு சின்ன ஊரு. 2000 பிப்ரவரில அங்க வால்மார்ட்ல கறி வெட்டுறவங்க பத்து பேர் ஓட்டுப் போட்டாங்க, யூனியன் வேணும்னு 7, வேணாம்னு 3. அமெரிக்காவுல அந்த கம்பெனில யூனியன் ஜெயிச்சது அதான் முதல் தடவ. ரெண்டு வாரம் கூட ஆகல, 180 கடைல இனிமே வெட்டுற வேலையே கிடையாது, பேக் ஆகி வர்ற கறிதான்னு அறிவிச்சுட்டாங்க. முன்னாடியே போட்ட பிளான், ஓட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியாம். நம்புறவங்க நம்பிக்கலாம். ஆளத் தூக்குனா கேஸ் ஆகும், வேலையவே தூக்கிட்டா?

கனடால கியூபெக் பக்கம் ஜோங்கியேர்ல நடந்தது இதவிடப் பெருசு. 2004 ஆகஸ்ட்ல அங்க இருந்த வால்மார்ட் கடைக்கே யூனியன் வந்துருச்சு, ஒப்பந்தம் பேசிப் பேசி இழுத்துக்கிட்டே போக, நடுவர் போடுங்கன்னு யூனியன் கேட்ட கொஞ்ச நாள்லயே, 2005 பிப்ரவரில, லாபம் இல்ல கடைய மூடுறோம்னுட்டாங்க. ஏப்ரல் 29 ஷட்டர் எறங்கிடுச்சு, கிட்டத்தட்ட 190 பேர் வெளிய. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, சரியான காரணம் காட்டாம செஞ்சது தப்புன்னு தீர்ப்பு வந்தது 2014ல. ஒன்பது வருஷம்! அதுக்குள்ள கல்லால நின்ன பொண்ணுங்க எல்லாம் எந்தெந்த கடைக்குப் போயிருப்பாங்களோ.

ஸ்ட்ரைக்குக்கு வேற வைத்தியம். (அங்க தொழிலாளின்னு யாருமே கிடையாது, எல்லாரும் 'அசோசியேட்', அப்புறம் எங்க இருந்து ஸ்ட்ரைக்கு.) 2013ல கொஞ்ச பேர் வேலைய நிறுத்திட்டு பஸ் ஏறி கம்பெனி தலைமை ஆபீஸ் இருக்குற அமெரிக்க ஊரான பென்டன்வில்லுக்கே, ஷேர்ஹோல்டர் மீட்டிங் நடக்குற நேரமாப் பாத்துப் போனாங்க. கம்பெனி அத லீவு சொல்லாம நின்னதா கணக்கு வச்சு நடவடிக்கை எடுத்துச்சு, சில பேருக்கு வேலையும் போச்சு. 2016ல அமெரிக்க அரசோட தொழிலாளர் வாரியத்து நீதிபதி 16 பேர திரும்ப எடுங்கன்னாரு. 2019ல அதே வாரியம் அத மாத்தி, இது விட்டு விட்டு செஞ்ச ஸ்ட்ரைக்கு, சட்டப் பாதுகாப்பு கிடையாதுன்னு சொல்லிடுச்சு.